ஒரே தமிழ், மூன்று எழுத்து

காத்தான்குடியில் ஒருவர் மவுத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் செய்தி சொல்லி முடிவதற்குள் அது வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்து விழுந்துவிடுகிறது. 'ஜனாஸா அறிவித்தல்' என்ற தலைப்பு. 'இன்னாலில்லாஹி' என்று தொடங்கும் வாசகம். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் வாப்பா என்ற விபரம். எந்த மையவாடியில், எந்தத் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்ற தகவல். அத்தனையும் நேர்த்தியான தமிழ் எழுத்தில் இருக்கும். அதே குழுவில் அடுத்த நிமிடம், 'எத்தன மணிக்கி? எனக்கு வர ஏலா, கடையில ஆளில்ல' என்று ஒருவர் பதில் போடுவார். அந்தப் பதிலும் தமிழ்தான், ஆனால் எழுத்து ஆங்கில எழுத்து. கிழக்கிலங்கையில் மட்டுமன்றித் தமிழ் பேசும் எந்த ஊரிலும் இன்று இதுதான் நடைமுறை. இதைப் பார்த்து ஆசிரியர்களும் மூத்தவர்களும் கவலைப்படுகிறார்கள். இந்தப் பிள்ளைகளோடு தமிழ் முடிந்துவிடும் என்கிறார்கள். இளையவர்களோ, பேசுவது தமிழ்தானே, எந்த எழுத்தில் இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி சரி. எந்தப் பாதி சரி என்று பிரித்துப் பார்ப்பதற்குக் காத்தான்குடி மிகப் பொருத்தமான ஊர். இங்குள்ள மக்களின் தமிழ் ஏற்கனவே ஒருமுறை வேறோர் எழுத்துக்குள் குடியிருந்து, அதிலிருந்து வெளியே வந்த தமிழ்.

முதலில் பேச்சைப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் கல்லடிப் பாலத்தையும் நாவற்குடாவையும் தாண்டினால் முஸ்லிம் ஊரான காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் இது ஒன்று. தெற்கே தமிழ்க் கிராமமான ஆரையம்பதி. 'மறுகா வாறன்', 'சுறுக்கா போ', 'அவடத்த வை' என்பன களப்புக் கரையில் இரு சமூகத்தார் வாயிலும் புழங்குபவை. முஸ்லிம்களின் பேச்சில் வாப்பாவும் உம்மாவும் காக்காவும் ராத்தாவும் கூடுதலாக வருவார்கள். நிய்யத், துஆ போன்ற அரபுச் சொற்களும் சேரும். வாக்கிய ஓட்டம் களப்புத் தமிழின் ஓட்டம்தான். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் இலங்கைத் தமிழைப் பற்றி எழுதியபோது, பேச்சுத் தமிழ் வகைகள் எல்லாவற்றிலும் இலக்கியத் தமிழுக்கு மிக அருகில் நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்றும், மிகப் பழைய கூறுகள் சிலவற்றை அது விடாமல் வைத்திருக்கிறது என்றும் கணித்தார். இந்தக் கணிப்பில் நம் விவாதத்துக்கு உதவும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அந்தப் பழைய கூறுகளைக் காத்துக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வயலிலும் களப்பிலும் அடுப்படியிலும் காதால் கேட்டு, வாயால் சொல்லி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ஒரு மொழியின் உயிர் முதலில் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கைபேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டுவதால் மட்டும் அந்த உயிர் போய்விடாது.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி அரபுத்தமிழ். தமிழகக் கரையோரத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்றும் அதற்குப் பெயருண்டு. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. வாசித்தால் காதில் விழுவது தமிழ். அரபு நெடுங்கணக்கில் ப இல்லை. ட, ண, ள, ழ, ங, ஞ இல்லை. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறியீடு இல்லை. இவை இல்லாமல் தமிழை எழுத முடியாதென்பதால், இருக்கும் எழுத்துகளோடு புள்ளியும் கோடும் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். ஓதப்பள்ளியில் லெப்பையிடம் குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை அரபு எழுத்தை எப்படியும் படிக்கும். கூடவே இந்தச் சில எழுத்துகளையும் பழகிக்கொண்டால், தாய்மொழியில் எழுதியதையும் அது வாசித்துவிடும். பாடசாலையின் வாசலையே மிதிக்காத பெண்களுக்கு இதனால் கிடைத்த வாய்ப்புச் சிறியதல்ல. மார்க்கச் சட்டமும் நபிமார் வரலாறும் மாலைப் பாடல்களும் மருத்துவக் குறிப்புகளும் கடிதங்களும் இந்த எழுத்தில் புழங்கின. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தம் 'மகானி' நூலை அரபுத்தமிழில் எழுதினார். இலங்கையில் வெலிகமையில் 1884இல் மத்ரஸதுல் பாரியைத் தொடக்கியவரும் அவர்தான். இது தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய விந்தையும் அல்ல. மலபாரில் மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதினார்கள். இலங்கை மலாயர் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதியதோடு, 1869இலேயே கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையையும் அந்த எழுத்தில் வெளியிட்டார்கள்.

அரபுத்தமிழை எழுதியவர்களின் தமிழ் அதனால் செத்ததா? இல்லை. பிறகு அந்த எழுத்து வழக்கொழிந்தபோதாவது தமிழ் செத்ததா? அதுவும் இல்லை. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் எம். சி. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யைத் தந்தார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றாளர்கள் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அச்சு பரவியது, பத்திரிகை வந்தது, 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி வழிக் கல்வி நாடெங்கும் வேரூன்றியபோது, முஸ்லிம் பிள்ளைகளும் அரச பாடசாலையில் தமிழ் எழுத்தில் பாடம் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், ஆசிரியர்களானார்கள். அரபுத்தமிழை யாரும் தடை செய்யவில்லை. அது செய்துவந்த வேலையைத் தமிழ் எழுத்து இன்னும் அகலமாகச் செய்யத் தொடங்கியதும் அதன் தேவை சுருங்கிப்போனது. பாணந்துறைப் பக்கத்து அறிஞர் ம. மு. உவைஸ் 1953இல் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் அளித்த கொடையை ஆங்கில நூலாக வெளியிட்டபோது, அது பழைய செல்வத்தைக் கணக்கெடுக்கும் வேலையாக இருந்தது. ஆகவே எழுத்து மாறினால் மொழி உடனே சாகும் என்ற அச்சத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் என்பதும் கைபேசியோடு வந்த புதுமை இல்லை. அச்சேறிய முதல் தமிழ் நூலே ரோமன் எழுத்தில்தான் இருந்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான கிறித்தவ மறைநூல் 'கார்த்தில்யா'வில் தமிழ்ச் சொற்களைப் போர்த்துக்கேயர் பழகிய எழுத்திலேயே கோத்திருந்தார்கள். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாக 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் நடந்தது என்ன? தமிழ் எழுத்துக்கு உலோக அச்சு வார்க்க ஆள் கிடைத்தார்கள். கருவி இல்லாத காலத்தில் கிடைத்த எழுத்தைக் கைக்கொண்டார்கள். கருவி கைக்கு வந்ததும் மக்கள் வாசிக்கும் எழுத்துக்கு மாறிக்கொண்டார்கள். லிஸ்பனின் நூல் தமிழைப் புறத்திலிருந்து கற்கவந்தவருக்கு உதவியது. கரையோரப் பரவர்களுக்கு மறை சொல்ல வேண்டியவர்கள் தமிழ் எழுத்தையே நாட வேண்டியிருந்தது. யாருக்குச் சொல்கிறோம் என்பதுதான் எழுத்தைத் தீர்மானித்தது.

கைபேசியிலும் இதே கதைதான் நடந்தது. குறுஞ்செய்தி வந்த காலத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம் கொடுத்தார்கள். தமிழ் போன்ற எழுத்துகளுக்குக் கிடைத்தது 70. அதிலும் அகரம் ஏறியவை தவிர்ந்த உயிர்மெய்யையும், புள்ளி வைத்த மெய்யையும் கணினி இரண்டு குறிகளாக எண்ணுகிறது. 'காத்தான்குடி' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. கருவிக்கு அது 12 குறிகள். ஒரு செய்திக்கு இவ்வளவு காசு என்று கட்டணம் இருந்த நாளில், தமிழில் எழுதுகிறவர் ஒரே விசயத்துக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய மலிவான கைபேசிகளில் தமிழ் எழுத்தே கிடையாது. அனுப்பினால் எதிர்முனையில் கட்டங் கட்டமாய்த் தெரியும். கணினியில் இருந்த நிலையும் கைகொடுக்கவில்லை. இலங்கையின் அச்சகங்களும் அலுவலகங்களும் 'பாமினி' எழுத்துருவில் பழகியிருந்தன. அதில் தட்டியதை வேறிடத்தில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். இந்த நெருக்கடியில் இளையவர்கள் தங்களுக்குக் கிடைத்த எழுத்தில் தங்கள் மொழியை எழுதினார்கள். அன்று அவர்கள் மொழியை மாற்றி ஆங்கிலத்திலேயே செய்தி அனுப்பப் பழகியிருக்கவும் கூடும். அப்படிச் செய்யாமல் தமிழைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை மூத்தவர்கள் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது இளையவர்களுக்குச் சாதகமான பாதி. அப்படியானால் அரபுத்தமிழைப் போல் கைபேசித் தமிழும் மதிப்புக்குரிய ஓர் எழுத்து வழக்குத்தானே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்தால் அது துலக்கமாகத் தெரியும். அரபுத்தமிழுக்கு விதி இருந்தது. ண வேறு, ன வேறு, ள வேறு, ழ வேறு என்று பிரித்துக் காட்டியது. குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தியது. கைபேசித் தமிழில் அவரவர் விரல் போன போக்குத்தான் விதி. பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டினால் அது பள்ளிவாசலா, சுவரில் ஓடும் பல்லியா என்பதை வாசிப்பவர் ஊகிக்க வேண்டும். பி, ஏ, எல் என்றால் பல்லும் அதுதான், பாலும் அதுதான். நண்பர்கள் நடுவில் இது சிரித்துவிட்டுப் போகும் விசயம். மருந்து எப்போது கொடுப்பது, பிள்ளைக்கு எதை நிறுத்துவது, காணியின் எந்தப் பக்கம் யாருக்கு என்ற விசயத்தில் ஊகத்துக்கு இடம் வைக்க முடியாது. இரண்டாவது வேறுபாடு கற்பித்தல். அரபுத்தமிழை ஒருவர் இன்னொருவருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அதனால் கீழக்கரையில் எழுதியதை வெலிகமையிலும் களப்புக் கரையிலும் வாசித்தார்கள். கைபேசித் தமிழை யாரும் யாருக்கும் கற்பிப்பதில்லை. இலங்கையில் வகரத்துக்குப் பலர் 'டபிள்யூ' போடுகிறார்கள், தமிழகத்தில் 'வி' போடுகிறார்கள். ஒரே சொல்லை ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் இன்னொரு மாதிரியும் எழுதுகிறார். மூன்றாவது வேறுபாடு நிலைப்பு. அரபுத்தமிழ் நூலாகி, கல்லச்சில் ஏறி, பெட்டகத்தில் தங்கியது. கைபேசித் தமிழ் தேடினால் கிடைக்காது; கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் தடுமாறும்; பத்து வருடம் கழித்து எழுதியவருக்கே சில இடங்கள் விளங்காது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: எந்த எழுத்து என்பதை விட, அந்த எழுத்துக்கு விதியும் கற்பித்தலும் நிலைப்பும் உண்டா என்பதே முக்கியம். அவை மூன்றும் இன்று தமிழுக்குத் தமிழ் எழுத்தில் மட்டும்தான் இருக்கின்றன. அரட்டைக்கு எதையும் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கும் வேண்டியதை, பிறருக்கும் வேண்டியதைத் தமிழ் எழுத்தில்தான் எழுத வேண்டும். ஊர் மக்கள் இதைத் தம்மளவில் ஏற்கனவே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஜனாஸா அறிவித்தலே சான்று. அதை யாரும் ஆங்கில எழுத்தில் போடுவதில்லை. மரணத்தில் ஆள் மாறக் கூடாது, நேரம் தவறக் கூடாது, பெரியவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று வரும்போது, அரட்டைக்குப் பழகிய விரலே தமிழ் எழுத்தைத் தேடிப் போகிறது. பழைய காலத்தினருக்கும் இந்த விவேகம் இருந்தது. காலியில் கண்டெடுத்து இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் வைத்திருக்கும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தார். சீனம், பாரசீகம், தமிழ் என்ற மூன்று மொழிகளையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே அதில் பொறித்திருக்கிறார்கள். எல்லோருக்கும், எக்காலத்துக்கும் என்று நினைத்துச் செய்த வேலை அது.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் முதலாவது, தமிழ் எழுத்தில் தட்டுவது கடினம் என்பது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அது உண்மை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்து வந்தது. அன்ட்ரொயிட் கைபேசிகளில் அது இன்று இலவசம். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக விழும் வசதி உண்டு. வாயால் சொன்னால் எழுதிக் கொடுக்கும் வசதியும் உண்டு. ஆகவே இன்று தடையாக இருப்பது கருவியல்ல, பழக்கம். அதை விட ஆழமான தயக்கம் ஒன்றும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் புத்தகத் தமிழில்தான் எழுத வேண்டும், நம் வாய்ப்பேச்சை அதில் எழுதினால் பிழை என்பார்கள் என்ற கூச்சம். பாடசாலை ஊட்டிய கூச்சம் அது. ஆங்கில எழுத்தில் யாரும் சிவப்பு மை போடுவதில்லை என்பதால் பிள்ளைகள் அங்கே சுதந்திரமாக இருக்கிறார்கள். ஆனால் நம் கிழக்கின் எழுத்தாளர்கள் இந்தக் கூச்சத்தை எப்போதோ உடைத்துவிட்டார்கள். ஓட்டமாவடி எஸ். எல். எம். ஹனீபாவின் சிறுகதைத் தொகுதி 'மக்கத்துச் சால்வை' 1992இல் வந்தது; கிழக்கு முஸ்லிம்களின் வாய்மொழியைத் தமிழ் எழுத்து எவ்வளவு இயல்பாகத் தாங்கும் என்பதற்கு அது போதும். 'மறுகா வாறன்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு எந்த இலக்கணமும் குறுக்கே நிற்கவில்லை.

இரண்டாவது வாதம், இனி எழுத்தே எதற்கு, குரல் பதிவு போதாதா என்பது. இது லேசாகத் தள்ளக்கூடிய வாதம் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்களின் குடும்பங்களில் ஒரு காலத்தில் கடிதத்தோடு கசட்டும் போய்வந்தது. எழுதத் தெரியாத தாய் தன் குரலையே அனுப்பினாள். வாட்ஸ்அப் 2013இல் குரல் செய்தியைக் கொண்டுவந்தபோது அந்த வசதி எல்லோர் கைக்கும் வந்தது. பாசத்துக்கும் கோபத்துக்கும் துஆவுக்கும் குரலை மிஞ்சிய கருவி இல்லை. ஆனாலும் நான்கு நிமிடக் குரல் பதிவில் கூட்டம் எத்தனை மணிக்கு என்பது எந்த நொடியில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். அப்போது எழுத்தின் பெறுமதி விளங்கும். பிரதேச செயலகத்தில் குரல் பதிவை நீட்ட முடியாது. வாக்குறுதியும் கணக்கும் உரிமையும் எழுத்தில்தான் நிற்கின்றன.

மூன்றாவது வாதம் வியாபாரிகள் சொல்வது, நியாயமானதும்கூட. காத்தான்குடி வியாபார ஊர். கொழும்பிலும் சிங்களப் பகுதிகளிலும் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்கள் சிங்களம் பேசுவார்கள், பலருக்கு எழுத வராது. எதிர்த் தரப்புச் சிங்கள வியாபாரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இருவரும் ஆங்கில எழுத்தில் சிங்களத்தைத் தட்டிக் காரியத்தை முடிக்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் ஆங்கில எழுத்து பாலமாக நிற்கிறது என்றால், அதை இடிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இரு மொழிக்காரர் சந்திக்கும் இடத்துக்குச் சரியான ஏற்பாடு, உம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் இடத்துக்கும் சரியாகிவிடாது. அரசாங்கத்தோடு பேசும் இடத்தில் அது உதவவும் மாட்டாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாட்டில், தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற ஏற்பாடு 1987இன் 13ஆவது திருத்தத்தில்தான் வந்தது. அடுத்த ஆண்டு 16ஆவது திருத்தம், வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிர்வாக மொழியாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உள்ள இந்த உரிமையைப் பயன்படுத்த ஒருவர் தமிழில் எழுத வேண்டும். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைப் பற்றி முறையிடும் சமூகத்தின் பிள்ளைகள், தமிழில் ஒரு முறைப்பாட்டை எழுதத் தடுமாறினால் அந்த உரிமை தாளில்தான் இருக்கும்.

கடைசி வாதம் துணிச்சலானது: எழுத்து மாறினாலும் மொழி சாகாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் துருக்கி 1928இல் செய்ததுபோல் ரோமன் எழுத்துக்கே முழுதாக மாறிவிட்டால் என்ன? மலாய் மொழியும் அப்படி மாறித்தானே செழிக்கிறது? உண்மை. ஆனால் துருக்கியில் அரசு விதி வகுத்தது, பாடசாலைகள் கற்பித்தன, அச்சகங்கள் ஒரே முறையில் மாறின. அப்படி மாறியும் கொடுத்த விலை பெரிது. அடுத்தடுத்த தலைமுறையினரால் பாட்டன் எழுதிய கடிதத்தையும் பழைய மீசான் கல்லையும் வாசிக்க முடியாமல் போனது. இந்த விலையை அறியத் துருக்கிக்குப் போக வேண்டியதில்லை. அரபுத்தமிழ் விசயத்தில் நாமே கொடுத்திருக்கிறோம். மூத்தம்மா தினமும் ஓதிய மாலைப் பாடல் புத்தகம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. பேத்திக்கு அரபு எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும். இரண்டையும் இணைக்கும் அந்தச் சில எழுத்துகள் தெரியாததால் அந்தப் பக்கம் அவளுக்கு ஊமை. அது தமிழ் என்பதே தெரியாமல், கிழிந்த அரபுத் தாள் என்று நினைத்து மரியாதையோடு புதைத்துவிடும் வீடுகளும் இருக்கும். மொழி பிழைத்தது, அந்த எழுத்தில் இருந்த செல்வம் பூட்டிக்கொண்டது. கவலைப்படும் மூத்தவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எழுத்து எதற்காக என்ற கேள்வி மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் இந்த ஊரிலேயே உண்டு. காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை மரங்களோடு அரபு எழுத்துப் பலகைகளும் வந்தன. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு அவை நாடு முழுக்கப் பேச்சாகின. பொது இடப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மும்மொழி மட்டும் போதும் என்று அரச தரப்பு அறிவுறுத்தியது. ஒரு சமூகத்தையே சந்தேகக் கூண்டில் ஏற்றிய அந்த நாட்களின் அநியாயம் தனியே பேச வேண்டியது. எழுத்தைப் பற்றிய பாடம் மட்டும் இங்கே நமக்கு வேண்டும். அன்றைய அரபுத்தமிழில் இருந்தது அரபு எழுத்து, சொன்னது தமிழ். பாடசாலைக்குப் போக வழியில்லாத பெண்ணுக்கும் அது விளங்கியது. இன்றைய பலகையில் இருந்தது அரபு எழுத்து, அரபு மொழி. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஊரவருக்கும் பொருள் தெரியாது. முன்னது செய்தி சொல்ல வந்த எழுத்து, பின்னது அடையாளம் காட்ட வந்த எழுத்து. அடையாளத்துக்கு இடமுண்டு, ஆனால் பொதுப் பலகையின் முதல் கடமை வழி தேடி வருகிறவருக்கு விளங்குவது.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல, பெரிய செலவும் இல்லை. பாடசாலைகளில் தமிழ்ப் பாடத்தோடு தமிழ்த் தட்டச்சையும் கைபேசியிலேயே பழக்கலாம். ஒரு தவணை போதும். அங்கே வாய்ப்பேச்சை எழுதவும் பிள்ளைகளை விட வேண்டும். கட்டுரைக்குக் கட்டுரைத் தமிழ், நண்பனுக்கு நண்பன் தமிழ், இரண்டும் தமிழ் எழுத்தில். பள்ளிவாசல் சம்மேளனமும் நகர சபையும் ஆதார வைத்தியசாலையும் மக்களுக்கு அனுப்பும் அறிவித்தல்களைப் படமாக்காமல், தேடினால் கிடைக்கும்படி ஒருங்குறித் தமிழில், வாசித்ததும் விளங்கும் எளிய நடையில் அனுப்ப வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கும்போது, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அரபுத்தமிழ்ப் புத்தகங்களைப் பிரதி எடுத்துச் சேமிப்பதும், அதை வாசிக்கத் தெரிந்த மிகச் சிலரிடம் இளைய மௌலவிமாரும் மாணவரும் பாடம் கேட்டுக்கொள்வதும் இப்போதே செய்யக் கூடியவை. ஆங்கில எழுத்தில் அரட்டை அடிக்கும் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துங்கள். திட்டினால் அவன் தமிழிலிருந்தே விலகுவான். அதற்குப் பதிலாக அவன் கைபேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்து, வீட்டுக் குழுவில் முதல் செய்தியை நீங்கள் தமிழில் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பழம் பெட்டியில் கிழிந்த அரபு எழுத்துப் புத்தகம் இருந்தால், அதைப் புதைப்பதற்கு முன் ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். அது தமிழாக இருக்கலாம்.